பட்டியலை அழியுங்கள், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்

தோழர்களே! அமிர்தகழி, புன்னைச்சோலை, கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர் என்று எங்கெங்கோ இருந்து, வீட்டில் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நம் கூட்டத்துக்கு வந்து போகிறவர்களே!

நம் வட்ஸ்அப் குழுவில் நடப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பட்டணத்துக்குள் ஊர்வலம் போக வேண்டும் என்கிறார் ஒருவர். போனால் அடுத்த நாள் உம்மாவின் முகத்தில் முழிக்க ஏலாது என்கிறார் இன்னொருவர். ஊர்வலத்தை விடுங்கள், எனக்கு வேலை தர ஆள் பிடியுங்கள் என்கிறாள் ஒரு திருநங்கைத் தோழி. இப்போது யார் யாரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. “உள்ளுக்குள் இருந்து கெடுப்பவர்கள்” என்று அதற்குத் தலைப்பு வேறு. அந்தப் பட்டியலை அழியுங்கள். இன்றைக்கே அழியுங்கள்.

பட்டியல் போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று மட்டக்களப்பாருக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை. 1986இல் ஓர் இயக்கம் இன்னோர் இயக்கத்தின் பிள்ளைகளை வீதி வீதியாகத் தேடிக் கொன்றது. எல்லாத் தரப்பின் குற்றங்களையும் எழுதிய ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டார். 2004 ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் அதுவரை ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள் ஒருவரையொருவர் சுட்டார்கள். மாற்றுக் கருத்துச் சொன்னவரைத் துரோகி என்று மின்கம்பத்தில் கட்டிய காலத்தைக் கண்ட தாய்மாருக்குப் பிறந்தவர்கள் நாம். வட்ஸ்அப்பில் ஆளை நீக்குவதும் அதுவும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. ஆனால் நீக்கப்பட்டவளுக்குப் போய்ச் சேர இந்த மாவட்டத்தில் வேறொரு கூட்டம் இருக்கிறதா, சொல்லுங்கள்.

நமக்குள் வேறுபாடு வந்தது குணக்கேட்டால் அல்ல. நம்மை நெருக்குகிற சட்டமே ஆளுக்கொரு மாதிரி நெருக்குகிறது. வெள்ளைக்காரன் 1883இல் எழுதிவைத்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தன்பால் உறவைக் குற்றமாக்கி வைத்திருக்கின்றன. 1995இல் 365அ பிரிவைத் திருத்தினார்கள். ஆண்கள் மட்டும் குற்றவாளிகளாக இருந்த இடத்தில் பெண்களையும் சேர்த்துவிட்டார்கள். நம் பாராளுமன்றம் நமக்குத் தந்த ஆண்-பெண் சமத்துவம் அதுதான்! ஆகவே தன்பால் ஈர்ப்புள்ள தோழனுக்கும் தோழிக்கும் அந்தப் பிரிவுகளை நீக்குவதுதான் முதல் வேலை.

திருநங்கை, திருநம்பித் தோழர்களின் கணக்கு வேறு. 2016இல் வந்த சுற்றறிக்கையால் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. மனநல வைத்தியரின் முன்னால் போய் நிற்க வேண்டும், கிளினிக் கிளினிக்காக அலைய வேண்டும். அப்படிக் கிடைத்ததற்கும் ஆதாரம் ஒரு சுற்றறிக்கைதான், பாராளுமன்றச் சட்டம் இல்லை. ஊர்வலம் என்று போடும் கூச்சலில் இருப்பதும் பறிபோகுமோ என்று அவர்கள் பயந்தால், அதைக் கோழைத்தனம் என்று எழுத யாருக்கு மனம் வரும்?

நம்பிக்கை விஷயத்திலும் இதே கதைதான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகாமல் இருக்க முடியாதவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். கோவிலே நம்மை ஒடுக்குகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். நோன்பு பிடிக்கும் காத்தான்குடித் தோழனிடம் “உன் மார்க்கத்தை விட்டுவிட்டு வா” என்று சொல்பவர், அவனது வாப்பா சொல்வதைத்தானே மறுபக்கத்திலிருந்து சொல்கிறார்? எந்த அடையாளப் பெயரும் வேண்டாம் என்பவளையும், கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்று அந்த வீட்டுக்குள்ளேயே காலம் தள்ளுகிறவரையும் “துணிவில்லாதவர்” என்று எடைபோட நாம் யார்? இந்த ஊரிலே கூத்தில் ஆண் பெண் வேஷம் கட்டினால் விடிய விடியக் களரியைச் சுற்றி இருந்து பார்ப்பார்கள். அதே ஆள் மறுநாள் அதே நடையோடு சந்தைக்குப் போனால் சிரிப்பார்கள். வெளியே அவ்வளவு சிரிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வருகிறவரை நாமும் தராசில் ஏற்ற வேண்டாம்.

கண்ணகி அம்மனுக்கு நம் ஊர்களில் கொம்புமுறி ஆடுவார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும், கொம்போடு கொம்பு கொளுவி, கயிறு கட்டி இழுப்பார்கள், வசைப்பாட்டும் பறக்கும். முறிவது கொம்பு மட்டும். எதிர்ச்சேரி இல்லாமல் அந்த விளையாட்டே இல்லை. நமக்கு வேண்டியது அந்த மாதிரி இழுவை.

எதிர்ச்சேரியை வெளியே தள்ளியவர்களும் இருக்கிறார்கள். 1973 ஜூனில் நியூயோர்க்கில் நம்மைப் போன்றவர்களின் கூட்டமொன்றில் திருநங்கைப் போராளி சில்வியா ரிவேரா மேடை ஏறியபோது, சிறையில் வதைபடும் தன் ஆட்களைப் பற்றிப் பேச வந்த அவரைச் சொந்தக் கூட்டமே கூச்சலிட்டு அவமதித்தது. அவர் 2002இல் இறந்தார். அதே ஆண்டில்தான் அந்த மாநிலம் தன்பால் ஈர்ப்பாளருக்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. திருநரை அதில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு 2019 வரை இழுத்தது. ஒரு பகுதியை விட்டுவிட்டுப் போனால் வேகமாகப் போகலாம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

நமக்கு நேரம் குறைவு. 365, 365அ பிரிவுகளைத் திருத்த அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது அதுவும் போய்விட்டது. அடுத்த சட்டமூலம் வரும்போது மட்டக்களப்புத் தமிழில், முஸ்லிம் தோழரின் பேச்சில், மீன்பிடிக் குடும்பத்துத் திருநங்கையின் பேச்சில் சொல்ல நம்மிடம் ஒன்று இருக்க வேண்டும். கொழும்பு ஆங்கிலத்தில் நம் சார்பாகப் பேசிவிட்டுப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தது போதும். ஒரே குரலில் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஐந்து விதமாகச் சொன்னால் ஐந்தையும் எழுதி அனுப்புவோம்.

நான் ஊர்வலப் பக்கம். அதை ஒளிக்கவில்லை, என் பக்கத்துக்கு ஆள் சேர்க்கவும் செய்வேன். ஆனால் எதிர்ப்பவர் இல்லாத கூட்டத்தில் எடுத்த முடிவோடு நான் தெருவில் இறங்க மாட்டேன்.

எல்லை ஒன்று உண்டு. இன்னொருவரின் இரகசியத்தை அவரது வீட்டுக்கோ வேலைத்தலத்துக்கோ போட்டுக்கொடுப்பது கருத்து ஆகாது. “இவள் பெண்ணே இல்லை” என்று தோழியின் முகத்துக்கு நேரே சொல்வதும் ஆகாது. இவை இரண்டையும் தவிர எதையும் பேசலாம், எவ்வளவு உரக்கவும் பேசலாம்.

கோபித்துக்கொண்டு விலகிப்போனவர்களே, முதலில் நீங்கள் வாருங்கள். அவர்களை விரட்டியவர்களே, நீங்களும் வாருங்கள். விலகியவரின் வீட்டுப் பக்கமாகப் போய் ஒருவரையாவது கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். ஞாயிறு பின்னேரம், வழமையான இடம். பெயர் கேட்க மாட்டோம், படம் எடுக்க விடமாட்டோம். கடைசி பஸ்ஸுக்கு முன்னம் முடித்துவிடுவோம். முடியாவிட்டால் ஏறாவூர்க்காரரைக் கொண்டுபோய் விட ஓட்டோ ஏற்பாடு செய்திருக்கிறோம்.