மஃப்ளரும் சைக்கிளும்

சாந்த்ராகாச்சி என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது ரயில் நிலையம். பறவைப் பிரியர்களுக்கு நினைவுக்கு வருவது குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகிகள் வந்து இறங்கும் ஏரி. வங்காளிகளுக்கோ சேனைக்கிழங்கு. 'சாந்த்ராகாச்சி ஓல்' என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். தொண்டை அரிக்குமா, அரிக்காதா என்று கடைக்காரரிடம் ஒரு விவாதமே நடத்திவிட்டுத்தான் பையில் போடுவார்கள். கழுத்துக்கு உள்ளே போவதைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற நாம், கழுத்துக்கு வெளியே சுற்றிக்கொள்வதைப் பற்றி ஒரு நிமிடமாவது யோசிக்கிறோமா? இதுவே இந்தக் கட்டுரையின் கேள்வி. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். சென்ற ஆண்டு வரை நானும் சிரித்தவன்தான்.

தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் கார்டன் ரீச்சில் இருப்பதால் அங்கே பணிபுரிந்த தமிழர்கள் பலர். அவர்களில் நானும் ஒருவன். சாந்த்ராகாச்சியில் குடியிருந்துகொண்டு, நாஜிர்கஞ்ச் படித்துறை வரை சைக்கிளில் போய், சைக்கிளோடு லாஞ்சில் ஏறி, அக்கரையில் மேட்டியாப்ரூஸில் இறங்கி அலுவலகம் போனவன். ஓய்வு பெற்ற பிறகும் சைக்கிளை விடவில்லை. காலை ஐந்தரைக்குப் பாலுக்கும் காய்கறிக்கும் கிளம்பிவிடுவேன்.

மார்கழி, தை மாதங்களில் ஊரிலிருந்து வரும் உறவினர்கள் முதலில் கேட்பது, "கொல்கத்தாவில் குளிர் உண்டா?" என்பதுதான். தில்லிக்காரர்கள் நம் குளிரைக் குளிர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. கனடாவிலிருந்து வரும் நம் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு திரிகிறார்கள். உண்மைதான்; இங்கே ஜனவரி மாதச் சராசரி குறைந்தபட்ச வெப்பநிலை 14 டிகிரி அளவில்தான் இருக்கிறது. ஆனால் சில நாட்கள் பத்து, பதினொன்று என்று இறங்கும். மாக் மாதக் குளிரில் புலியும் நடுங்கும் என்பது வங்காளத்துப் பேச்சு. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் பாட்டிமார் வாக்கு. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒரே குரலில் சொல்லும்போது கேட்டுக்கொள்வதே நல்லது.

அதோடு, நடப்பவனுக்கு இருக்கும் குளிர் வேறு, சைக்கிள் மிதிப்பவனுக்கு இருக்கும் குளிர் வேறு. மரத்தில் இலை அசையாத காலையிலும் சைக்கிள்காரன் தனக்கான எதிர்க்காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். இதற்கென ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001 முதல் பயன்படுத்தும் சூத்திரத்தின்படி, 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அடித்தால் உடம்புக்கு அது 7 டிகிரி போலத் தோன்றும். காலைப்பனியில் சட்டைக் காலர் ஈரமாகிவிட்டால் அதற்கும் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு உறை இருக்கிறது, மார்புக்கு ஸ்வெட்டர் இருக்கிறது. திறந்து கிடப்பது கழுத்து ஒன்றுதான். மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகிலேயே ஓடும் இடம் அது. ஸ்வெட்டருக்குள் சேர்ந்திருக்கும் கதகதப்பு வெளியேறும் வாசலும் அதுவே.

நிற்க. இதற்கு நாம் கண்ட விடை என்ன? மஃப்ளர். ஆறடி நீளம், கழுத்தில் இரண்டு சுற்று, முன்னால் ஒரு தொங்கல், பின்னால் ஒரு தொங்கல். என் மனைவி இருபது ஆண்டுகளுக்கு முன் பின்னிக் கொடுத்த சாம்பல் நிற மஃப்ளர் அப்படிப்பட்டதுதான். சென்ற ஜனவரியில் ஒரு நாள் கோனா எக்ஸ்பிரஸ்வே ஓரமாக வந்துகொண்டிருந்தேன். நல்ல மூடுபனி. பக்கத்தில் ஒரு லாரி கடந்தது. அது கிளப்பிய காற்றில் மஃப்ளரின் சுற்று அவிழ்ந்து, ஒரு முனை கீழே தொங்கியிருக்கிறது. என் சைக்கிளின் செயின் கவர் கழன்று போய் மாதம் மூன்று ஆகியிருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருந்தேன். முனை செயினுக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவே போய்விட்டது. நானோ மிதித்துக்கொண்டே இருந்தேன். ஒரு மிதிக்கு ஒரு சாண் வீதம் மஃப்ளர் உள்ளே போக, என் தலை ஹாண்டில்பாரை நோக்கி இறங்கியது. கத்துவதற்குக் கூடக் குரல் வரவில்லை. சாய்ந்து விழுந்ததால் பிழைத்தேன். நேராக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க இன்றும் மனம் வரவில்லை.

காப்பாற்றியவர் பின்னால் வந்த செய்தித்தாள் போடும் இளைஞர். பேப்பர்க் கட்டை அறுக்க வைத்திருந்த பிளேடால் மஃப்ளரை அறுத்துவிட்டார். மூச்சு வந்த பிறகு அவரைப் பார்த்தேன். அவர் கழுத்திலும் துணி இருந்தது. ஒரு பழைய கம்சா. ஆனால் அதன் இரண்டு முனைகளையும் சட்டைக்குள் செருகி மேல் பொத்தானைப் போட்டிருந்தார். "வண்டியில் போகிறவன் எதையும் தொங்கவிடக் கூடாது, தாதா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு இருந்த அறிவு எனக்கு இல்லாமல் போயிற்று.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்தல்ல. உலகப் புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927 செப்டம்பர் 14 அன்று பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது இப்படித்தான். அவருடைய நீண்ட பட்டுத் துணி மோட்டார் காரின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நம் நாட்டில் துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் ரிக்‌ஷாவிலும் மோட்டார் சைக்கிளிலும் சிக்கிய கதைகளை எல்லாரும் கேட்டிருக்கிறோம். மருத்துவ நூல்களில் இதற்கு 'நீள் துணிக் காயம்' என்ற பொருளில் தனிப் பெயரே உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் அமர்பவரின் ஆடை சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாத அளவுக்குத் தடுப்பு வேண்டும் என்கின்றன. மோட்டார் வண்டிக்குச் சட்டம் இருக்கிறது. மிதிப்பவனுக்கு அவன் புத்தியே சட்டம்.

சரி, மஃப்ளர் வேண்டாம் என்றால் குரங்குக் குல்லாவா? அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1854இல் ருஷ்ய மண்ணில் நடந்த பாலக்ளாவா போரின் பெயரைத் தாங்கிய அந்தக் குல்லா, கொல்கத்தாவுக்கு வந்து வங்காளியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. டார்ஜிலிங் போனாலும் புரி போனாலும் பெட்டியில் அதுதான் முதலில் ஏறும். பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடிக்க அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் சைக்கிளுக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து. காதை அடைத்துவிடுகிறது; பின்னால் வரும் வண்டியின் ஒலி மங்குகிறது. தலையைத் திருப்பும்போது குல்லா கூடவே திரும்பாமல் ஒரு கண்ணை மறைக்கிறது. ஹெல்மெட்டுக்குள் தடித்த குல்லா சரியாக அமர்வதும் இல்லை. தலை வழியாகவே பாதி உடல் சூடு போய்விடும் என்று சிறு வயதில் கேட்டதை நம்பிப் பலர் அதை அணிகிறார்கள். அது பழங்கதை. உடம்பின் மேற்பரப்பில் தலையின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. அந்த அளவுக்குத்தான் அதன் வழியே சூடும் போகிறது.

ஆகவே சைக்கிள்காரனுக்கு ஏற்றது முனையே இல்லாத துணி. அதாவது, தலைவழியே மாட்டிக்கொள்ளும் கழுத்து வளையம். இப்போது கடைகளில் பல விதமாகக் கிடைக்கிறது. குளிர்காலத்தில் வெலிங்டன் சதுக்கத்தில் கம்பளிக் கடை போடுபவர்களிடமும், செவ்வாய்க்கிழமைகளில் ஹௌரா மங்களா ஹாட்டிலும் தேடிப் பார்க்கலாம். வாங்கும்போது நான்கு விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது அளவு. உயரம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, 25 சென்டிமீட்டர் இருந்தால் சட்டைக் காலரிலிருந்து மூக்கு வரை இழுத்துவிடலாம். நன்றாக நீளும் பின்னல் என்றால் சுற்றளவு 50 சென்டிமீட்டர் போதும். நீளாத துணி என்றால் தலை நுழைய அறுபதாவது வேண்டும். இரண்டு விரல் உள்ளே நுழையவில்லை என்றால் அது உங்களுக்கானது அல்ல.

இரண்டாவது துணி. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது. அதனால் வியர்வைக்கும் பனிக்கும் அதுவே உத்தமம். ஆனால் முரட்டுக் கம்பளி கழுத்தை அரிக்கும். சேனைக்கிழங்கைப் போலவே அரிக்குமா என்று கேட்டு, கழுத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பாலியெஸ்டர் ஃப்ளீஸ் மலிவு, லேசு, சீக்கிரம் உலரும். பருத்தி நமக்கு உயிர். ஆனால் நனைந்தால் நனைந்தபடியே தோலில் ஒட்டிக்கொண்டு குளிரைக் கூட்டும். அரை மணி நேரத்துக்கு மேல் மிதிப்பவர்கள் பருத்தியைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது, கழற்றும் வசதி. முதல் பத்து நிமிடம் குளிரும். பிறகு உடம்பு சூடேறி வியர்க்கும். ஓரமாக நிறுத்தி ஒரு கையால் இறக்கிவிட முடிய வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, இழுத்தால் தானே பிரியும் வெல்க்ரோ ஒட்டு வைத்தது இன்னும் பாதுகாப்பு. நான்காவது நிறம். மூடுபனியில் கறுப்பும் சாம்பலும் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளோ வெள்ளையோ இருக்கட்டும்; அழகைப் பார்க்க அந்த நேரத்தில் சாலையில் யாரும் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மூக்கின் மேல் துணியை இழுத்துவிட்டால் குளிர்ந்த காற்று சற்றே சூடாகி உள்ளே போகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் குளிர்காலத்தில் நம் நகரின் மேல் தங்கிவிடும் புகையின் நுண்துகள்களை எந்த மஃப்ளரும் தடுக்காது. அதற்கென்று உள்ள முகமூடி வேறு. அதுபோல ஜலதோஷம் வருவது வைரஸால். கழுத்தை மூடியதால் அது வராது என்று நான் உறுதி கூறவில்லை. நான் கூறுவது இரண்டே: கழுத்து குளிரக் கூடாது, கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது.

இவ்வளவும் யாருக்காக? என்னைப் போல் ஆசைக்குச் சைக்கிள் மிதிப்பவர்களுக்காக மட்டும் அல்ல. காலை ஐந்து மணிக்குச் சாலையில் இருப்பவர்கள் பால்காரர், பேப்பர்காரர், மீன் கூடை கட்டிச் செல்பவர், வேலை முடிந்து திரும்பும் காவலாளி. கொல்கத்தாவில் 2013இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டபோது அவர்களைக் கேட்டா போட்டார்கள்? பட்டியல் பிறகு குறைக்கப்பட்டது என்றாலும், சைக்கிள்காரன் சாலைக்கு வேண்டாத விருந்தாளி என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. சாலையில் அவனுக்கு இடம் வாங்கித் தர நம்மால் உடனே முடியாது. அவன் கழுத்தைக் காக்க முடியும்.

நம்மைப் போன்ற சங்கங்கள் குளிர்காலத்தில் போர்வையும் மஃப்ளரும் வழங்குவது நல்ல வழக்கம். போர்வை தொடரட்டும். மஃப்ளருக்குப் பதிலாக, வரும் பொங்கல் விழாவில் கழுத்து வளையங்களை வழங்கலாம் என்பது என் வேண்டுகோள். பின்னத் தெரிந்த சகோதரிகளும் தையல் இயந்திரம் உள்ளவர்களும் நம்மிடையே நிறைய உண்டு. பின்னல் ஆடை என்றால் திருப்பூரை நினைக்கிறோம். இந்தியாவில் அந்தத் தொழில் தொடங்கியது 1893இல் இதே கொல்கத்தாவின் கிதிர்ப்பூரில்தான் என்கிறார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம்தானே இது! கூடவே, சைக்கிளில் வரும் உறுப்பினர்கள் தங்கள் செயின் கவரையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டால் நல்லது.

அறுந்த மஃப்ளரை நான் தூக்கி எறியப் பார்த்தேன். என் மனைவி விடவில்லை. முழுவதையும் பிரித்தார். கிரீஸ் பட்ட நூலும் அறுந்த நூலும் போக மீதியைத் துவைத்து, உருண்டையாகச் சுற்றி, ஓரத்துக்கு மஞ்சள் நூல் சேர்த்துப் பின்னினார். இரண்டு வளையம் வந்தது. ஒன்று என் கழுத்தில் இருக்கிறது. மற்றொன்றைச் செய்தித்தாள் இளைஞரிடம் கொடுத்தேன். அவர் வாங்கி, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, உள்ளே இரண்டு விரல் விட்டுப் பார்த்து, அதன் பிறகுதான் மாட்டிக்கொண்டார்.