முடி துறந்தவர் நிறுவிய குடியரசு

ஆட்சிக்கு வருவது எப்படி என்பதை உலகுக்குக் காட்டிய தலைவர்கள் பலர். ஆட்சியை விட்டு இறங்குவது எப்படி என்பதைக் காட்டியவர்கள் மிகச் சிலரே. 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி, தென்பகுதி ஆபிரிக்காவிலுள்ள பொட்ஸ்வானாவிலே பொதுத் தேர்தல் நடைபெற்றது. சுதந்திரம் பெற்ற நாள்தொட்டு 58 ஆண்டுகள் இடையறாது ஆண்டுவந்த பொட்ஸ்வானா ஜனநாயகக் கட்சி, அத்தேர்தலிலே நான்கே தொகுதிகளைப் பெற்று வீழ்ந்தது. வாக்குகள் முற்றாக எண்ணி முடியுமுன்னரே ஜனாதிபதி மசீசி தோல்வியை ஒப்புக்கொண்டார். நவம்பர் 1ஆந் தேதி எதிர்க்கட்சித் தலைவர் டூமா போக்கோ பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். படை திரளவில்லை, வானொலி நிலையம் கைப்பற்றப்படவில்லை, தோற்றவர் எவரும் நாட்டைவிட்டு ஓடவில்லை.

இவ்வமைதி ஒரு நாளில் விளைந்த பயிரன்று. இதற்கு வித்திட்டவர் அந்நாட்டின் முதல் ஜனாதிபதியான சேர் செரெட்சே காமா. ஆபிரிக்க விடுதலையைப் பற்றிப் பேசுவோர் கானாவின் நுக்ருமாவை நினைவுகூர்வர். கென்யாவின் கென்யாட்டாவை, தன்சானியாவின் நைரேரேயை நினைவுகூர்வர். காமாவின் பெயர் அவ்வரிசையில் எழுவது அரிது. அது ஏன் எழவேண்டும் என்பதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பெச்சுவானாலாந்து என அந்நாளில் வழங்கிய பிரித்தானியப் பாதுகாப்புப் பிரதேசத்திலே, செரோவே என்னும் ஊரில், பமாங்வாட்டோ குலத்தின் அரச குடும்பத்தில் 1921ஆம் ஆண்டு யூலை மாதம் பிறந்தவர் செரெட்சே. அவருடைய பாட்டனார் மூன்றாம் காமா, 1895இல் வேறு இரு குலத் தலைவர்களுடன் இலண்டனுக்குச் சென்று, தம் நாட்டைச் செசில் ரோட்ஸின் கம்பனியிடம் ஒப்படைக்கலாகாதென வாதாடி வென்றவர். தந்தையார் 1925இல் மறைந்தபோது செரெட்சேக்கு வயது நான்கு. சிறிய தந்தையாரான செக்கெடி காமா அவருக்காகப் பதிலாட்சி புரிந்தார். அவரை ஒக்ஸ்போட்டிலும் இலண்டனிலும் கற்க வைத்தார். கல்வி முடிந்ததும் ஊர் திரும்பி ஆசனத்தில் அமரவேண்டியதே எஞ்சியிருந்தது.

அந்த வேளையிலேதான், 1948ஆம் ஆண்டு செப்டெம்பரில், ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணியை அவர் மணந்தார். சிறிய தந்தையார் சீறினார். குலத்தின் மரபுப்படி ஊர்ச்சபை கூடியது. தொடக்கத்தில் எதிர்ப்பே மேலோங்கியிருந்தது. ஆயினும் 1949ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கூடிய பெருஞ்சபையிலே, எம் தலைவர் செரெட்சேயே, அவர் மனைவியே எம் அரசி என்று மக்கள் பெருந்திரளாக எழுந்து நின்று தீர்ப்பளித்தனர். மணமக்களைப் பற்றி முடிவு கூறும் உரிமை உடையவர்கள் எவரோ, அவர்கள் முடிவு கூறிவிட்டனர். அத்துடன் விவகாரம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் மணஞ் செய்வதைத் தென்னாபிரிக்கா அதே 1949இல் சட்டத்தாலே தடை செய்திருந்தது. தன் எல்லைக்கு அப்பால் ஒரு கறுப்புத் தலைவர் வெள்ளை மனைவியோடு அரசோச்சுவதை மலான் அரசாங்கம் பொறுக்குமா? தென்னாபிரிக்காவின் தங்கமும் யுரேனியமும் பிரித்தானியாவுக்குத் தேவைப்பட்டன. பெச்சுவானாலாந்தையே தன்னோடு இணைத்துக்கொள்ளத் தென்னாபிரிக்கா நெடுங்காலமாகக் காத்திருந்தது. எனவே பிரித்தானியத் தொழிற்கட்சி அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. செரெட்சே ஆளத் தகுதியுள்ளவரே, அவர் திருமணத்தை அயல்நாடுகள் ஏற்காமையே தடை என்று அக்குழு உண்மையை உள்ளபடி எழுதிவிட்டது. அறிக்கை மறைத்து வைக்கப்பட்டது. 1950இல் செரெட்சே பேச்சுவார்த்தைக்கென இலண்டனுக்கு அழைக்கப்பட்டார். அங்கு சென்ற பின், ஐந்தாண்டுகளுக்கு நாடு திரும்பலாகாதெனக் கட்டளை பிறந்தது. அடுத்து வந்த கொன்சர்வேட்டிவ் அரசாங்கம் 1952இல் அத்தடையை நிரந்தரமாக்கியது. யமெய்க்காவில் உத்தியோகம் தருகிறோம் என்றுங் கூறிற்று. அவர் மறுத்துவிட்டார்.

பமாங்வாட்டோ மக்களோ அவரிருக்க வேறொருவரைத் தலைவராக ஏற்க மறுத்தனர். வரி கொடாமலும் சபை கூடாமலும் அவர்கள் காட்டிய உறுதி, பெரும் பேரரசொன்றின் கட்டளையைச் செல்லாக் காசாக்கியது. ஈற்றில் செரெட்சேயும் செக்கெடியும் பகை மறந்து ஒன்றுபட்டனர். 1956இல், தலைமைப் பதவிக்கான உரிமையைத் தாமும் தம் மக்களும் கோருவதில்லையென எழுதிக்கொடுத்து, சாதாரணக் குடிமகனாக செரெட்சே நாடு திரும்பினார்.

அவர் வரலாற்றின் திருப்பம் இதுவே. இழந்த முடியை மீட்பதற்காக அவர் அரசியலுக்கு வந்திருந்தால் எளிதில் வென்றிருப்பார். ஆனால் ஒரு குலத்தின் தலைவராக மட்டுமே இருந்திருப்பார். அவரோ 1962இல், வேறொரு குலத்தைச் சேர்ந்த குவெட் மசீரேயுடன் சேர்ந்து நாடு தழுவிய கட்சியொன்றை அமைத்தார். 1965ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி 31 இடங்களில் 28ஐ வென்றது. காமா பிரதமரானார். 1966 செப்டெம்பர் 30ஆந் தேதி பொட்ஸ்வானாக் குடியரசு பிறந்தபோது அதன் முதல் ஜனாதிபதியானார்.

அவர் கையில் வந்தது எத்தகைய நாடு? பெரும்பகுதி கலகாரிப் பாலை. ஆண்டுக்கணக்கான வறட்சியாலே மந்தைகள் மடிந்திருந்தன. நாட்டின் நிர்வாகத் தலைநகரமே நாட்டுக்கு வெளியே, தென்னாபிரிக்க மண்ணிலுள்ள மபெக்கிங்கில் இருந்து வந்தது. கபரோன் நகரைப் புதிதாகக் கட்டவேண்டியிருந்தது. வரவு செலவுத் திட்டத்தை நிரப்பப் பிரித்தானியாவின் மானியமே கதி. மூன்று பக்கங்களிலும் வெள்ளை ஆதிக்கம்.

அந்நிலையில் அவர் செய்த ஒரு காரியத்தை அரசியல் கற்போர் யாவரும் மனங்கொள்ளல் வேண்டும். நிலத்தடிக் கனிப்பொருள்கள் அந்தந்தக் குலத்துக்கே உரியவையாக இருந்தன. பமாங்வாட்டோ நிலத்திலே செம்பு முதலிய உலோகங்களைத் தேடுவதற்கு 1959இலேயே ஒரு கம்பனியுடன் உடன்படிக்கையாகியிருந்தது. புதையல் எங்கேனும் உண்டெனில் அது காமாவின் சொந்தக் குலத்தின் நிலத்திலேயே உண்டு என எண்ணக் காரணமிருந்தது. இருந்தும், கனிப்பொருள் உரிமை முழுவதையும் அரசுக்கு மாற்றும் சட்டத்தை அவர் அரசாங்கம் 1967இல் நிறைவேற்றியது. அதே ஆண்டில் ஒராபாவிலே வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் பமாங்வாட்டோ நிலமே! அவ்வுரிமை குலத்திடமே நின்றிருந்தால், ஒரு குலம் குபேரனாகி ஏனையவை அதன் வாயிலிற் கையேந்தி நின்றிருக்கும், அல்லது வாளேந்தியிருக்கும். கனிவளம் கிடைத்த நாடுகள் உள்நாட்டுப் போரால் எரிந்ததை நாம் அறிவோம். பொட்ஸ்வானா எரியவில்லை.

வைரம் தோண்டிய டி பியர்ஸ் நிறுவனத்தோடு அவர் நடத்திய பேரமும் சாதாரணமானதன்று. ஆரம்பத்தில் சுரங்கத்தில் அரசின் பங்கு நூற்றுக்கு 15. 1975இல் அது நூற்றுக்கு 50 ஆக உயர்ந்தது. அப்பணத்திலே பாடசாலைகளும் மருத்துவ நிலையங்களும் தெருக்களும் எழுந்தன. அயலிலுள்ள மலாவியும் காமாவின் நாட்டைப் போலவே 1966இல் குடியரசானது. அதன் ஜனாதிபதி பண்டா 1971இல் வாழ்நாள் ஜனாதிபதியாக அரியணை ஏறினார். காமாவோ 1969, 1974, 1979 ஆகிய ஆண்டுகளில் எதிர்க்கட்சிகளோடு தேர்தலில் மோதி வென்றார். 1969இல் உப ஜனாதிபதி மசீரேயே, பங்வாகெட்சே குலத் தலைமையைத் துறந்து எதிர்க்கட்சியிற் சேர்ந்த பத்தோயனிடம் தம் தொகுதியை இழந்தார். தேர்தல் செல்லாதென எவரும் அறிவிக்கவில்லை. 1980 யூலையில் காமா மறைந்தபோது ஆட்சி அவர் மகனிடம் செல்லவில்லை, மசீரேயிடம் சென்றது.

ஆயினும் புகழுரையோடு நிறுத்திவிடுவது பத்திரிகையின் கடமையாகாது. ஒரே நாடு, ஒரே மக்கள் என்று காமா கண்ட கனவில் ஒரு குறை இருந்தது. அம்மக்கள் அனைவரும் சுவானா மொழி பேசுவோரே என்பது போல அரசு நடந்துகொண்டது. 1966ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தலைவர்கள் சபையிலே எட்டுச் சுவானாக் குலங்களின் தலைவர்களுக்கே நிலையான இடமளித்தது. கலங்கா, வயேயி முதலிய குலங்களின் தலைவர்களுக்கு அவ்விடமில்லை. பள்ளியிலும் பணிமனையிலும் ஆங்கிலமும் சுவானாவுமே ஆட்சி செய்தன. வயேயி மக்கள் வழக்காடி, தமக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டை மேல் நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 2001ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. பாலை நிலத்தின் ஆதிக்குடிகளான பசர்வா மக்கள் காமாவின் காலத்துக்குப் பின், 1997இலும் 2002இலும் மத்திய கலகாரியிலிருந்து அகற்றப்பட்டனர். அங்கு வாழும் அவர்களது உரிமையை 2006இல் நீதிமன்றமே நிலைநாட்டியது. நிறவெறியாலே நாடு கடத்தப்பட்ட ஒருவர் நிறுவிய அரசிலே இது நிகழ்ந்தது. பெரும்பான்மையினர் ஒற்றுமை என்று கூறுவதைச் சிறுபான்மையினர் விழுங்கப்படுதல் என்று உணர்வது எங்கும் உள்ளதே. தன் குலத்தின் செல்வத்தைப் பொதுவாக்கத் துணிந்தவர், தன் மொழியின் முதன்மையைப் பகிர்ந்துகொள்ளத் துணியவில்லை. முன்னையது பொருளைக் கொடுப்பது. பின்னையது பெருமையைக் கொடுப்பது. பெருமையைக் கொடுப்பதே கடினம் போலும்!

குறையை மறைக்காது சொல்லியபின் நிறையையும் உரக்கச் சொல்லலாம். வயேயி மக்களுக்கும் பசர்வா மக்களுக்கும் நீதி வழங்கியவை அந்நாட்டு நீதிமன்றங்களே. அரசாங்கத்தை எதிர்த்துத் தீர்ப்பளிக்கும் நீதிமன்றமும், ஆளுங்கட்சியை வீழ்த்தும் வாக்குப் பெட்டியும் அங்கு நிலைத்து நின்றன. காமாவின் மகன் இயன் 2008 முதல் 2018 வரை ஜனாதிபதியாயிருந்தார். பின்னர் தந்தை அமைத்த கட்சியையே விட்டு விலகினார். 2024இல் அக்கட்சியே வீழ்ந்தது. வைர வருவாய் சுருங்கியதும் வேலையின்மை பெருகியதும் அதற்குக் காரணங்கள். ஆனால் கட்சி வீழ்ந்தபோது நாடு வீழவில்லை. கட்சிக்கும் நாட்டுக்கும் வேறுபாடு தெரிந்த ஒருவர் அதற்கு அடித்தளமிட்டிருந்தார்.

ஆட்சிக்கு வருவோர் எதைப் பெற்றனர் என்பதை ஏடுகள் எழுதிக்கொண்டேயிருக்கும். எதை விட்டுக்கொடுத்தனர் என்பதையே வரலாறு எடைபோடும். செரெட்சே காமா முடியை விட்டார். குலத்தின் புதையலை விட்டார். விடாது பற்றிய ஒன்றை விடுவிக்கும் பொறுப்பு, அவர் நாட்டின் புதிய ஆட்சியாளரிடம் இன்று வந்து சேர்ந்திருக்கிறது.