சவரக் கத்தியும் பகுத்தறிவும்

சவரக் கத்திக்குக் கூர் பிடிப்பதைப் பற்றி நாம் ஒரு கட்டுரை எழுதப் போவதாகச் சொன்னபோது சில தோழர்கள் சிரித்தார்கள். "எவ்வளவோ பெரிய காரியங்கள் கிடக்க, கத்தி தீட்டுவதும் ஒரு விஷயமா?" என்று கேட்டார்கள். நாம் கேட்கின்றோம்: ஒரு மனிதன் தன் கழுத்தின் மேல் வைத்து இழுக்கின்ற ஆயுதம் ஏன் வெட்டுகின்றது, ஏன் மழுங்குகின்றது என்று யோசித்துப் பாராமல், எவனோ சொன்னதை அப்படியே நம்பி நடப்பானேயானால், அவன் கண்ணுக்குத் தெரியாத மோட்சத்தையும் நரகத்தையும் பற்றி மாத்திரம் யோசித்துப் பார்ப்பான் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? கையிலிருக்கும் இரும்பைப் பற்றியே காரணம் கேட்காதவன் வேறு எதைப் பற்றிக் கேட்கப் போகின்றான்?

பிறரைச் சொல்லுவானேன்? நாமே இந்த விஷயத்தில் ஏமாந்தவர்தான். சில வருஷங்களுக்கு முன் மடக்குச் சவரக் கத்தி ஒன்றை ஆசையோடு வாங்கினோம். கூடவே, "ஒரு முறை தடவினால் ஒரு வருஷம் கூர் போகாது" என்று சொல்லி ஒரு வியாபாரி விற்ற பச்சைப் பசை ஒன்றையும் வாங்கினோம். கொஞ்சம் தடவினால் கொஞ்சம் கூர், நிறையத் தடவினால் நிறையக் கூர் என்று நாமே ஒரு கணக்குப் போட்டுக் கொண்டு, தொங்கும் தோல் வாரில் அப்பளத்துக்கு எண்ணெய் தடவுவது போல் அப்பசையை அப்பித் தினந்தோறும் அழுத்தி அழுத்தித் தேய்த்தோம். ஒரு மாதத்தில் கத்தி மயிரை வெட்டுவதற்குப் பதிலாகப் பிடுங்க ஆரம்பித்தது. மோவாயில் இரத்தம் வந்ததுதான் மிச்சம்.

கடைசியில், வயது எழுபதுக்கு மேற்பட்ட, நம் ஊர்ச் சவரத் தொழிலாளிப் பெரியவர் ஒருவரிடம் கத்தியைக் கொண்டு போனோம். அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "கத்தி மேல குத்தமில்ல சாமி. நீங்கதான் தேச்சுத் தேச்சு அதுங்க வாயை உருட்டிப்புட்டீங்க. வார் தொய்யலா இருந்தா வாய் உருண்டு போகும். பலகையில ஒட்டின தோலா இருந்தா இந்த வம்பு இல்ல" என்றார். நம்மைவிட முப்பது வயது மூத்தவர் நம்மைச் "சாமி" என்று கூப்பிட்டார். "அய்யா, எங்களுக்குக் கற்றுக் கொடுக்கின்றவர் நீங்கள், தம்பி என்றே கூப்பிடுங்கள்" என்று சொல்லி அவரைச் சம்மதிக்கச் செய்வது, கத்தியைச் சரிசெய்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. நிற்க.

அப்பெரியவரிடம் கேட்டும், பிறகு படித்தும், செய்து பார்த்தும் நாம் தெரிந்துகொண்டதைச் சொல்லுகின்றோம்.

சவரக் கத்தியின் முதுகு தடித்திருப்பது அழகுக்காக அல்ல. கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லின் மேல் படிந்திருக்க வேண்டும். முதுகின் கனம் 5.5 மில்லிமீட்டரும், முதுகிலிருந்து வாய் வரை அகலம் 19 மில்லிமீட்டரும் இருந்தால், வாயின் கோணம் தானாகவே ஏறத்தாழ 16, 17 டிகிரியாக அமைந்துவிடும். அரிவாளுக்கும் உளிக்கும் தீட்டுகின்றவன் கை கோணத்தைக் கணிக்க வேண்டும்; சவரக் கத்திக்கு அதைச் செய்தவனே கோணத்தை உள்ளே வைத்துவிட்டான். ஆகவே இது கைராசியும் அல்ல, தெய்வ கடாட்சமும் அல்ல, வெறும் அளவுதான்.

கல்லில் தீட்டும்போது வாய் முன்னே போக வேண்டும். தோலில் தீட்டும்போது முதுகு முன்னே போக, வாய் பின்னால் இழுபட்டு வரவேண்டும். தோலில் வாயை முன்னே தள்ளினால் தோலும் அறுந்து போகும், கத்தியும் கெட்டுப் போகும். ஒரு பக்கம் முடிந்து திருப்பும்போது கத்தியைத் தூக்காமல் முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். வாயின் மேல் புரட்டினால் அத்தனை உழைப்பும் ஒரு வினாடியில் பாழ். கத்தியின் எடையே போதும், மேற்கொண்டு அழுத்தத் தேவையில்லை. அழுத்துகின்றவன் தன் கோபத்தைத்தான் தீட்டுகின்றானே ஒழியக் கத்தியை அல்ல.

பலகை வார் என்பது கைப்பிடியுள்ள ஒரு மரப் பலகையின் மேல் தோலை ஒட்டியதுதான். தொங்கும் வாரை விறைப்பாக இழுத்துப் பிடிக்கக் கை பழக வேண்டும். தொய்ந்தால் தோல் வாயைச் சுற்றி வளைந்து, நமக்கு நேர்ந்தது போல் வாயை உருட்டிவிடும். பலகையின் மேலுள்ள தோல் தொய்வதற்கு வழியில்லை. ஆகவே புதிதாகப் பழகுகின்றவர்களுக்குப் பலகையே நல்லது. அதிலும் ஒரு பக்கத்தில் பசை, மறு பக்கத்தில் வெறுந்தோல் என்று வைத்துக் கொள்ளலாம். இரண்டையும் கலக்கக்கூடாது. பசைப் பக்கத்தில் தீட்டிய கத்தியைத் துடைத்துவிட்டுத்தான் வெறுந்தோலுக்குக் கொண்டு போக வேண்டும்.

பசையில் என்ன மந்திரம் இருக்கின்றது? ஒன்றுமில்லை. பச்சைப் பசையிலிருப்பது குரோமியம் ஆக்சைடு என்னும் பொடி. சிவப்புப் பசையிலிருப்பது இரும்பு ஆக்சைடு, அதாவது துருவுக்கு இனமான பொடி. இப்பொழுது வைரத் தூளிலும் பசை வருகின்றது. இந்தப் பொடிகளின் துகள் அரை மைக்ரான், கால் மைக்ரான் அளவில் இருக்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கல் பெரிதாகச் சுரண்டுவதைப் பசை மிகச் சிறிதாகச் சுரண்டுகின்றது, அவ்வளவுதானேயொழிய வேறில்லை. சுரண்டுகின்ற பொருளை அதிகம் அப்பினால் அதிகம் கெடும் என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

எனவே முறை இதுதான். வாய் அடியோடு கெட்டிருந்தால் 1000 எண் கல்லில் ஆரம்பித்து, 4000 அல்லது 5000, பிறகு 8000, பிறகு 12000 என்று ஏறிப் போக வேண்டும். முந்திய கல்லின் கோடு மறையும் முன் அடுத்த கல்லுக்குத் தாவினால் பயனில்லை. தினசரி சவரத்துக்கு முன் வெறுந்தோலில் முப்பது, நாற்பது இழுப்புப் போதும். கத்தி இழுக்கத் தொடங்கினால் மாத்திரம், சில வாரங்களுக்கு ஒரு முறை, பசைப் பக்கத்தில் ஐந்தாறு இழுப்பு. அதற்கும் மசியாவிட்டால் மறுபடியும் கல். சவரம் முடிந்ததும் நன்றாகத் துடைத்து ஈரமில்லாமல் வைக்க வேண்டும். சில நாள் எடுக்காமல் வைப்பதானால் துளி எண்ணெய் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் துருவுக்கு வெகு முன்னாலேயே கண்ணுக்குத் தெரியாத துரு வாயைத் தின்னத் தொடங்கிவிடுகின்றது.

இனி, இந்தச் சிறிய கத்தியைச் சுற்றி வளர்ந்திருக்கும் புராணங்களைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலாவது, கத்திக்குக் களைப்பு உண்டு, அதற்கு ஓய்வு கொடுத்தால் தானே கூர் பெறும் என்பது. இங்கிலாந்து ஷெப்பீல்டிலும் ஜெர்மனி சோலிங்கனிலும், வாரத்தின் ஏழு நாட்களின் பெயரை முதுகில் பொறித்து ஏழு கத்திகளை ஒரே பெட்டியில் வைத்து விற்றிருக்கின்றார்கள். ஏழு கத்தி வைத்திருப்பவனுக்கு ஒவ்வொன்றும் நீண்ட நாள் உழைத்தது உண்மைதான். ஆனால், ஏழு வேட்டி உள்ளவனுக்கு ஒரு வேட்டி நீண்ட நாள் உழைப்பது வேட்டி ஓய்வெடுத்ததனாலா? வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரம் வேலை செய்ததனாலா? கணக்கை விட்டுவிட்டுக் கதையைப் பிடித்துக்கொள்வது வெள்ளைக்காரனுக்கும் உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

இரண்டாவது, விளம்பரப் புராணம். 1790களில் லண்டனில் ஜார்ஜ் பேக்வுட் என்ற ஒரு தோல் வார் வியாபாரி, பாட்டு, விடுகதை, சம்பாஷணை என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, பிறகு அவ்விளம்பரங்களையே 1796-இல் புத்தகமாகவும் போட்டு விற்றார். சரக்கின் புகழைப் பாட்டில் வைத்துவிட்டால் ஜனங்கள் சரக்கைச் சோதிக்க மாட்டார்கள் என்பதை அவரும் அறிந்திருந்தார், நம் நாட்டுத் தலபுராணக்காரரும் அறிந்திருந்தார்கள்.

மூன்றாவது, எல்லாவற்றையும் தூக்கியடிக்கும் பிரமிட் புராணம். எகிப்தியப் பிரமிட் வடிவத்தில் அட்டையில் ஒரு கூடு செய்து, அதன் கீழ்ச் சவரத் தகட்டை வைத்தால் கூர் தானே திரும்பும் என்று செக்கோஸ்லோவாகியாவில் கரெல் டிர்பால் என்பவர் சொல்லி, 1959-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். "சர்க்காரே முத்திரை போட்டுவிட்டதே!" என்று அதைக் காட்டிப் பலர் நம்பினார்கள். பிறகு, எந்தத் தகடு பிரமிடுக்குள் இருந்தது, எது வெளியில் இருந்தது என்பதைச் சொல்லாமல் வைத்துச் சோதித்தவர்களுக்கு வித்தியாசம் ஒன்றும் தென்படவில்லை. முத்திரை என்பது முத்திரைதான். அது பரீட்சை ஆகாது.

உண்மையைத் தேடியவர்கள் என்ன செய்தார்கள்? எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையான மயிர் எப்படி எஃகை மழுக்குகின்றது என்று அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் மயிரை வெட்டி வெட்டிப் பூதக்கண்ணாடிகளின் கீழ் வைத்துப் பார்த்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். கத்தி தேய்ந்து மாத்திரம் மழுங்குவதில்லை. மயிர் வளைந்து பக்கவாட்டில் அழுத்தும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் வாய் சில்லுச் சில்லாக உடைகின்றது என்று கண்டார்கள். ஐம்பது மடங்கு பலமுள்ளது என்று பெருமை பேசினாலும், உள்ளே ஒரே சீராக இல்லாவிட்டால் ஒரு மயிர் போதும் உடைக்க. மேல் கீழ் என்று பிரிந்து கிடக்கும் நம் சமுதாயத்துக்கும் இதில் பாடம் உண்டா இல்லையா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

மற்றொரு விஷயம். 1769-இல் பாரிஸ் நகரத்துக் கத்தி செய்யும் தொழிலாளி ழான் ழாக் பெரே என்பவர், ஒருவன் தன்னைத் தானே சவரம் செய்துகொள்ளக் கற்பதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எந்தக் கல் நல்ல கல், தோலை எப்படிப் பதப்படுத்துவது என்பதையும் அதில் சேர்த்தார். தொழிலின் இரகசியத்தைத் தொழிலாளியே எல்லோருக்கும் திறந்து வைத்தார். இங்கிலாந்தில் கொல்லன் மகனாகப் பிறந்து புத்தகம் பைண்டு செய்யும் வேலை பழகிய மைக்கேல் பாரடே, 1818 முதல் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளியோடு சேர்ந்து எஃகைப் பற்றி ஆராய்ந்து, 1820-இலும் 1822-இலும் முடிவுகளை வெளியிட்டார். அவர்கள் ஆராய்ந்தவற்றுள் தென்னிந்தியாவில் உருக்கிய 'வூட்ஸ்' எஃகும் ஒன்று. நம் 'உருக்கு' என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. கத்தித் தொழிலாளியும் விஞ்ஞானியும் அங்கே ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். இங்கே, அந்த உருக்கை உருக்கினவனும், அதைத் தீட்டிப் பிடித்தவனும் திண்ணைக்குக் கீழே நிற்க வைக்கப்பட்டார்கள். ஒரு மைக்ரானுக்கும் குறைந்த விளிம்பைக் கண்ணாலும் விரலாலும் அறிந்து நிறுத்துகின்றவன் கீழ்மகன். அந்தக் கத்தியின் முன் தலையைக் குனிந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தீட்டுக் கழித்துக்கொள்கின்றவன் மேல்மகன்! தீட்டுகின்றவனிடம் தீட்டு என்றால் இதைவிடப் பெரிய முட்டாள்தனம் உண்டா என்று கேட்கின்றோம்.

இதைச் சொன்னவுடன், "அப்படியானால் அந்த அருமையான தொழில் அழியாதிருக்க அந்தச் சாதியார் அதையே செய்து வரட்டும்" என்று சில புத்திசாலிகள் புறப்படுவார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகின்றோம். கூர் இரத்தத்தில் வருவதில்லை. இரத்தத்தில் வருவதாயிருந்தால் பெரியவர் நமக்குக் கற்றுக் கொடுத்திருக்க முடியாது. நாமும் கற்றிருக்க முடியாது. விருப்பமுள்ளவன் எவனும் கற்கட்டும். விருப்பமில்லாதவனை எவனும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

சவரக் கடைகளில் மறுபடியும் பழைய கத்தியும் வாரும் வரவேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. ஒரே கத்தியும் ஒரே தோலும் பத்துப் பேர் முகத்துக்குப் போனால், ஒருவன் இரத்தம் மற்றவனுக்குப் போகும். மஞ்சட்காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடிருக்கக் கூடியது. ஆகையால் கடையில் ஆளுக்கு ஒரு புதுத் தகடு என்பதே நியாயம். மடக்குக் கத்தியும் பலகை வாரும் தன் முகத்துக்குத் தானே செய்துகொள்கின்றவனுக்கு, தன் வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்கவை.

அந்தப் பெரியவர் கல்லில் ஏற்றிக் கொடுத்த கத்தி இன்றும் நம்மிடம் இருக்கின்றது. இப்பொழுது அதை நாமே பலகையில் தீட்டிக் கொள்கின்றோம். போன மாதம் அவரைப் பார்த்தபோது நம் மோவாயைத் தொட்டுப் பார்த்து, "பரவாயில்ல தம்பி, கை வந்துருச்சு" என்றார். நாம் இதுவரை பெற்ற நற்சாட்சிப் பத்திரங்களில் இதையே மேலானதாகக் கருதுகின்றோம்.

தோழர்களே! நாம் சொன்னதையும் நம்ப வேண்டாம். ஒரு கத்தியையும், ஒரு பலகையையும், ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே சோதித்துப் பாருங்கள். சரியாயிருந்தால் கொள்ளுங்கள், தப்பாயிருந்தால் தள்ளுங்கள்.