கரிச்சட்டி வேண்டாம், கூரையைப் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் கார்த்திகை பிறந்துவிட்டால் கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் ஒரே பேச்சுதான்: ரூம் ஹீட்டர் வாங்கலாமா, வேண்டாமா? கேட்பவர்களுக்கு நான் கரண்ட் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ராத்திரிக்கு 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். லைட்டும் டிவியும் மிக்சியும் சேர்ந்தால் 500ஐத் தாண்டிவிடும். தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுக்கும் கூடுதல் விலை விழும். கொழுந்து பறிக்கிற கூலியில் அந்த பில்லைக் கட்ட முடியாது.

அப்போதுதான் கரிச்சட்டி அறைக்குள் வருகிறது. சமைத்து முடித்த அடுப்பிலிருந்து தணலை அள்ளிச் சட்டியில் போட்டு, கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்தி, கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுக்கிறார்கள். புகையே இல்லை, வெறும் கங்குதானே என்ற நம்பிக்கை. காற்றோட்டம் இல்லாத அறையில் கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிப் போவார். நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிற குழந்தைக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை மலை ஊர்களிலிருந்து நாம் படித்திருக்கிறோம். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. குழந்தை தூங்கும் அறைக்குள் தணல் போகவே கூடாது. குளிப்பாட்டியதும் போடுகிற சாம்பிராணிப் புகையையும் அதோடு நிறுத்திவிடுங்கள். பிஞ்சு நுரையீரலுக்கு அது ஆகாது.

சரி, குளிர் எந்த வழியாக வருகிறது? தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பெரும்பாலும் தலைக்கு மேலிருந்துதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல் மேல் உறைபனி படிவது அதனால்தான். தகரக் கூரையும் அப்படியே சூட்டை இழந்து, வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கும். சீலிங் இல்லாத அறையில் நாம் விடும் மூச்சின் ஈரம் அந்தத் தகரத்தில் படிந்து விடியற்காலையில் சொட்டும். குழந்தையின் துணி நனைந்துவிட்டால் மேலே எத்தனை கம்பளி போர்த்தியும் பயனில்லை.

ஆகவே கையிலிருக்கிற காசை முதலில் கூரைக்குச் செலவழியுங்கள். முழு வீட்டுக்கும் வேண்டாம், பிள்ளை படுக்கிற அறைக்கு மட்டும் போதும். பிளைவுட்டோ சிமெண்ட் போர்டோ வைத்து சீலிங் அடித்தால், தகரத்துக்கும் அறைக்கும் நடுவில் அடைபடும் காற்றே சூட்டைப் பிடித்து வைக்கும். தெர்மோகோல் மலிவுதான், ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும். அதை நான் சொல்ல மாட்டேன். கதவிடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டி வைக்கலாம். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடலாம். ஈரத் துணியை அந்த அறையில் காயப்போட வேண்டாம்.

மலையில் பனிக்காலத்துப் பகல்கள் பெரும்பாலும் நல்ல வெயிலோடு இருக்கும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் நன்றாக விழும். பத்து மணிக்குத் திறந்து, வெயில் இறங்குமுன் சாத்தி, கனமான திரையைப் போட்டுவிடுங்கள். மெத்தையை வெயிலில் போட்டு எடுங்கள். ஹீட்டர் இருந்தால் படுக்குமுன் ஒரு மணி நேரம் மட்டும், துணிமணிகளுக்கு எட்டத்தில் வைத்து ஓட்டுங்கள்; இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்தான் ஆகும். படுக்கையைச் சூடாக்க வெந்நீர்ப் பை நல்லது. ஆனால் பிள்ளையைக் கிடத்துமுன் அதை எடுத்துவிட வேண்டும்.

குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், அதனால் சூடு சீக்கிரம் போய்விடும். நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் பச்சிளம் பிள்ளைக்குத் தெரியாது. இதை நினைத்துப் பயந்துதான் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், குல்லா, அதற்கு மேல் கனத்த கம்பளி என்று மூட்டை கட்டுகிறோம். அதுவும் ஆபத்துதான். தூக்கத்தில் திடீரென்று குழந்தை இறந்துபோகும் சம்பவங்களுக்கு அதிகச் சூடும், முகத்தை மூடும் போர்வையும் காரணமாகலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பிரிட்டனில் குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 டிகிரி போதும் என்கிறார்கள். நாம் போட்டிருப்பதைவிட ஒரு துணி கூடுதலாகப் போட்டு, மல்லாக்கப் படுக்க வையுங்கள். பழைய பருத்திச் சேலையை இரண்டு மூன்று மடிப்பாக வைத்துக் கை விட ஓட்டையோடு ஒரு பை தைத்துத் தரச் சொன்னால் டெய்லர் தைத்துத் தருவார். முகத்துக்கு ஏறாத போர்வை அது. கை கால் சில்லென்று இருந்தால் பதற வேண்டாம், பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். நெஞ்சும் குளிர்ந்து, பிள்ளை பாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை என்றால் தாயின் நெஞ்சைவிட நல்ல ஹீட்டர் கிடையாது. இன்குபேட்டர் போதாத நிலையில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978 வாக்கில் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிய கங்காரு முறையை உலக சுகாதார நிறுவனம் 2022இல், பிறந்த உடனேயே தொடங்கச் சொல்லிவிட்டது. வெறும் நெஞ்சோடு குழந்தையைச் சேர்த்துக் கட்டிக்கொள்வதுதான் முறை. அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். வீட்டில் செய்யும்போது நெஞ்சில் வைத்திருப்பவர் தூங்கிவிடக் கூடாது.

இவ்வளவும் தாய் தகப்பன் செய்யக்கூடியவை. ஓட்டைத் தகரத்தை மாற்றுவது அவர்கள் வேலை இல்லை. தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுத்துப் பராமரிப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1951ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. பழைய எஸ்டேட்டுகளிலும், 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்கள் குடியேறிய லைன்களிலும் கூரை இன்னும் சொட்டுகிறது. எந்த வீட்டில் எந்த மாதம் பிரசவம் என்று கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் பல மாதம் முன்னாலேயே இருக்கிறது. கார்த்திகையிலிருந்து மாசி வரை தேதி விழுகிற வீடுகளைத் தனியாக எழுதி, புரட்டாசிக்குள் அந்த அறைகளுக்கு நிர்வாகமும் உள்ளாட்சியும் சேர்ந்து சீலிங் அடித்துக் கொடுக்க வேண்டும்.