ராமானுஜன்கூட ஃபெயில் ஆனவர்தானாம்

டிசம்பர் 22 வந்தால் எங்கள் கல்லூரியில் தேசியக் கணித நாள் விழா. மாலை போட்ட ராமானுஜன் படத்துக்குப் பக்கத்தில் மைக் பிடிக்கிற யாராவது ஒருவர், அரியர் வைத்திருக்கும் பெண்களைப் பார்த்து, "ராமானுஜன்கூட ஃபெயில் ஆனவர்தாம்மா, கவலைப்படாதீங்க" என்பார். திருவண்ணாமலையில் 14 வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். இந்த ஆறுதலால் பாஸ் ஆன ஒருத்தியையும் பார்த்ததில்லை.

ராமானுஜன் தோற்றது உண்மைதான். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பனுக்குப் போய் எஃப்.ஏ. தேர்விலும் தவறினார். ஆனால் அவர் கணக்கில் தோற்கவில்லை. கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காததால் தோற்றார். திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் எழுத அவருக்குப் பொழுது இருந்தது. 1909இல் அவருக்குக் கட்டிவைக்கப்பட்ட ஜானகிக்கு வயது 10. 1920இல் கணவர் இறந்தபின் ஜானகி தையல் கற்று, தைத்துப் பிழைத்தார். மேடையில் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை. என் வகுப்புப் பெண்கள் யாரைப் போல என்று கேட்டால் நான் ஜானகியைத்தான் காட்டுவேன்.

ஒருத்தியைச் சொல்கிறேன். பி.எஸ்சி. இயற்பியல். முதல் செமஸ்டரின் துணைப்பாடக் கணக்கில் நான்கு முறை தவறியவள். அம்மா கிரிவலப் பாதையில் கற்பூரமும் அகல்விளக்கும் விற்கிறார். பௌர்ணமி என்றால் இரவு முழுக்க மகளும் கடையில் நிற்க வேண்டும். நவம்பர் தேர்வு நெருங்கும்போதே தீபத் திருவிழா வியாபாரமும் நெருங்கிவிடும். "நேரம் இல்ல, அதான்" என்று நானும் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து போடச் சொன்னபோதுதான் தெரிந்தது. தொகையீட்டுச் சூத்திரம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கடைசி வரியில், மைனஸ் மூன்றிலிருந்து மைனஸ் ஐந்தைக் கழிக்கும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"இது ஏழாவதுல வரும் மேடம். அப்பதான் நான் வயசுக்கு வந்தேன். தண்ணி ஊத்துற வரைக்கும் ஒரு மாசம் ஸ்கூலுக்கு அனுப்பல. திரும்பிப் போனப்ப முழுக்கள் முடிச்சுட்டாங்க."

ஊரைக் கூட்டிப் பந்தல் போட்டுக் கொண்டாடினார்களே, அந்த மாதம்தான் அவள் விடைத்தாளில் எட்டு வருடமாகத் தவறிக்கொண்டிருக்கிறது. பெண்ணுக்குக் கணக்கு வராது என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

கல்லூரி இவளுக்கு என்ன செய்கிறது? கட்டணம் வாங்குகிறது, ஹால் டிக்கெட் கொடுக்கிறது. அரியர் என்பது பாடமே நடத்தாமல் திரும்பத் திரும்ப வைக்கிற தேர்வு. இல்லாவிட்டால் டியூஷன். மாலை ஆறு மணிக்கு மேல் பேருந்து நிலையத்துப் பக்கத்து மாடியில் நடக்கும். போளூருக்கும் செங்கத்துக்கும் திரும்ப வேண்டிய எந்தப் பெண்ணை வீட்டில் விடுவார்கள்? பையன்கள் போகிறார்கள்.

அவர்களுக்கு அரியர் ஒரு சிரிப்பு. சினிமா நாயகன் பெருமையாகச் சொல்லிக்கொள்வது. 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியவர்களுக்கெல்லாம் அரியர் பாஸ் என்று அரசு அறிவித்தபோது முதல்வரைப் புகழ்ந்து பேனர் வைத்தார்களே, நான் பார்த்தவற்றில் ஒரு பெண் முகம் இல்லை. பெண் அரியர் வைத்தால் பேனர் வராது, ஜாதகம்தான் வெளியே வரும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பூக்காரம்மா முழம் போடுவதே கணிதம், கோலமே வடிவியல் என்று நம்மைப் புகழ்கிறவர்கள். புகழ வேண்டாம் ஐயா. பூக்காரம்மாவின் மகளுக்கு மைனஸைச் சொல்லிக்கொடுங்கள்.

வழி தெரியாமல் இல்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி கல்லூரிகளில் 2013இல் ஒரு சோதனை செய்தார்கள். கணக்கில் பின்தங்கியவர்களில் ஒரு பகுதியினரை வழக்கமான அடிப்படை வகுப்பில் வைக்காமல், நேரே கல்லூரிப் புள்ளியியலில் உட்காரவைத்து, கூடவே வாராவாரம் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். இவர்களே அதிகம் தேறினார்கள். நான் கேட்பது அதைவிடச் சின்னது: அரியர் வைத்தவர்களுக்குப் பகல் நேர அட்டவணையில் வாரம் இரண்டு மணி நேரம், நடத்துகிறவருக்கு அது பணி நேரமாகக் கணக்கு.

"காலேஜ்ல ஏழாம் கிளாஸ் பாடமா? தரம் என்னாகும்?" என்று கேட்டார்கள். முக்கிய வினா ஐந்தை மனப்பாடம் செய்யவைத்துத் தள்ளிவிடுவதில் மட்டும் தரம் இருக்கிறதா? புதுமைப்பெண் திட்டத்தில் அரசு மாதம் 1000 ரூபாய் கொடுத்து அவளைக் கல்லூரி வாசல்வரை கூட்டி வந்துவிட்டது. உள்ளே நடப்பது நம் பொறுப்பு.

கேட்ட மணி நேரம் கிடைக்கவில்லை, அறை காலியில்லையாம். இப்போது புதன்கிழமை மதிய உணவு இடைவேளையில், சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் நடத்துகிறேன். ஏழு பேர் வருகிறார்கள். முதல் மூன்று வாரமும் முழுக்கள்தான். பௌர்ணமிக்கு மறுநாள் புதன் வந்தால் வகுப்பை வியாழனுக்கு மாற்றிக்கொள்கிறோம்.