பர்ஸுக்குக் கவசம், பெட்டகத்துக்குப் பூட்டு எங்கே?

பஸ் நெரிசலில் பக்கத்தில் நிற்பவன் உங்கள் சட்டைப்பையைத் தொடாமலே, ரேடியோ அலையைக் கொண்டு பாங்கிக் கார்டைப் படித்துப் பணத்தை உருவிவிடுவான் என்று ஒரு பீதி கிளப்பப்பட்டிருக்கிறது. பீதியைக் கிளப்புகிற விளம்பரமே அடுத்த வரியில் மருந்தையும் விற்கிறது: உலோகத் தாள் வைத்துத் தைத்த பர்ஸ், கார்டுக்கு ஓர் உறை, பாஸ்போர்ட்டுக்கு ஓர் உறை. சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமாம்!

இதில் உண்மை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சாலைத் தொழிலாளியின் சம்பளமும், கட்டடத் தொழிலாளியின் நலவாரியப் பணமும், முதியோர் பென்ஷனும் இன்று பாங்கிக் கணக்கில்தான் வந்து விழுகின்றன. ‘எனக்குப் பாங்கி வேண்டாம், ரொக்கமாகக் கொடு’ என்று கேட்டால் யார் கொடுக்கிறார்கள்? கேட்காமலே கையில் திணிக்கப்பட்ட ஒரு கருவியால் நஷ்டம் வந்தால், அதை யார் தாங்குவது? இதுவே கேள்வி.

நாலு வளைகோடுகள் போட்ட கார்டை ஜனங்கள் ‘வைஃபை கார்டு’ என்கிறார்கள். வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கார்டுக்குள் பாட்டரி இல்லை. ஒரு சின்னஞ்சிறு சில்லும் மெல்லிய கம்பிச்சுருளும்தான் உண்டு. கடைக்காரரின் யந்திரம் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அதற்குள் வந்ததும் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறந்து, சில்லு விழித்துக்கொண்டு பதில் சொல்கிறது. சில சென்டிமீட்டர் தள்ளிப்போனால் மறுபடி உறங்கிவிடும். பெரிய கம்பிச்சுருளை வைத்து 25 சென்டிமீட்டர் வரை எட்டிப் படிக்க முடியும் என்று 2006-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஆகவே பயம் முழுப் பொய் அல்ல.

பாங்கிகளின் ஆரம்பகால யோக்கியதையையும் சொல்லத்தான் வேண்டும். 2006-ல் அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அன்றைய தொடு கார்டுகளைச் சோதித்தபோது, சொந்தக்காரரின் பெயர், கார்டு நம்பர், காலாவதித் தேதி எல்லாம் எந்த மறைப்பும் இன்றிக் காற்றில் வந்து விழுந்தன. 2015-ல் இங்கிலாந்தின் ‘விச்?’ என்ற நுகர்வோர் அமைப்பு இப்படிப் படித்தெடுத்த நம்பரையும் தேதியையும் வைத்தே சுமார் 3,000 பவுன் விலையுள்ள டெலிவிஷன் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துக் காட்டியது.

இன்றைய நிலைமை வேறு. பொதுவாக இப்போதைய கார்டு பெயரைச் சொல்வதில்லை. முதுகில் அச்சிட்ட மூன்று இலக்கமும் அலையில் போவதில்லை. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒருமுறை மட்டுமே செல்லும் ஒரு சங்கேதத்தைச் சில்லு உண்டாக்குகிறது. அதைத் திருடி மறுமுறை உபயோகிக்க முடியாது. நம் நாட்டில் உள்நாட்டு இணையக் கடையில் கார்டு நம்பரை மட்டும் வைத்துச் சாமான் வாங்கவும் முடியாது, ஓ.டி.பி. போன்ற இரண்டாவது அத்தாட்சி வேண்டும். கையில் ஸ்வைப் யந்திரத்துடன் பஸ்ஸில் ஏறுகிற திருடனும் அந்த யந்திரத்தை ஒரு பாங்கிக் கணக்கின் பேரில்தான் வாங்கியிருக்க வேண்டும். திருடிய பணம் தன் முகவரியோடுதான் போய்ச் சேரும்.

அப்படியும் மனம் ஒப்பவில்லையா? சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளில் கார்டைச் சுற்றிக் கடை யந்திரத்தின்மேல் வைத்துப் பாருங்கள். யந்திரம் வாய் திறக்காது. விளம்பர பர்ஸுக்குள் இருப்பதும் இந்தச் சரக்குதான்.

உறையைவிடப் பெரிய பாதுகாப்பு காசில்லாமலே கிடைக்கிறது. பின் நம்பர் இல்லாமல் தொட்டுப் பணம் கட்டும் உச்சவரம்பை, 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக 2021 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி உயர்த்தியது. அதற்கு முன்பே, 2020 ஜனவரியில், புதிதாகத் தரும் கார்டில் தொடு வசதியை வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும், வேண்டும்போது மூடவும் வரம்பைக் குறைக்கவும் வழி செய்ய வேண்டும் என்று உத்தரவும் போட்டிருக்கிறது. இது எத்தனை தொழிலாளருக்குத் தெரியும்? தொலைந்துபோன கார்டை எடுத்தவன் பின் நம்பர் கேட்காமலே கடைகடையாகத் தொடலாம். ரேடியோ திருடனைவிட இந்த ஆபத்துதான் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தடுப்பது பாங்கியின் செல்போன் செயலியில் உள்ள ஒரு பொத்தான். அதைப் பற்றி வீதிக்கு வீதி விளம்பரம் இல்லை; விற்பதற்கு அதில் ஒன்றுமில்லையே!

உண்மையான அலைத் திருட்டு எப்படி நடக்கிறது? 2024-ல் செக் குடியரசில் அம்பலமான சங்கதி இது. பாங்கியின் பெயரால் செய்தி அனுப்பி, போலிச் செயலி ஒன்றைச் செல்போனில் ஏற்றச் செய்தார்கள். பிறகு, ‘உங்கள் கார்டை உங்கள் போனின் முதுகில் வையுங்கள், பின் நம்பரை அடியுங்கள்’ என்றார்கள். வைத்த மாத்திரத்தில் கார்டின் பதில் வேறோர் இடத்தில் இருந்த திருடனின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது; அவன் ஏ.டி.எம்.மில் பணத்தை எடுத்துக்கொண்டான். உலோக பர்ஸ் இங்கே என்ன செய்யும்? கார்டை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் சொந்தக்காரரே. ஏமாற்றப்பட்டவரைப் பார்த்து ‘உன் அஜாக்கிரதை’ என்று சொல்வது பாங்கிக்குச் சுலபமாகிவிடுகிறது.

இனி பாஸ்போர்ட்டுக்கு வருவோம். சென்னை மண்டலத்தில் 2025 மார்ச் முதல் மின்னணுச் சில்லு வைத்த பாஸ்போர்ட்டுகள் வழங்கப்படுகின்றன. முன் அட்டையில் பொன்னிறத்தில் ஒரு சிறு சின்னம் இருந்தால் அது அந்த ரகம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் கையில் இனி இதுதான். அந்தச் சில்லு கேட்டவருக்கெல்லாம் பதில் சொல்லிவிடாது. சர்வதேச விதிப்படி அதற்கு ஓர் அடிப்படைப் பூட்டு உண்டு. சாவி எங்கே இருக்கிறது தெரியுமா? போட்டோ உள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறிகளோடு அச்சிட்ட இரண்டு வரிகளில். பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி, காலாவதித் தேதி — இந்த மூன்றிலிருந்தே சாவி பிறக்கிறது. புத்தகத்தைத் திறந்து காட்டினால்தான் யந்திரம் படிக்க முடியும் என்பது இதன் நோக்கம்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் வேலை தேடுகிறவன் எத்தனை ஏஜெண்டுகளிடம், எத்தனை டிராவல்ஸ்களில், எத்தனை லாட்ஜுகளில் அந்தப் பக்கத்தின் நகலைக் கொடுக்கிறான்! சாவியின் பிரதிகள் ஊரெல்லாம் மேஜை டிராயர்களில் கிடக்கின்றன. அவற்றை வாங்கியவர்கள் எத்தனை நாள் வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று எந்த அதிகாரி வந்து பார்க்கிறார்? (புத்தகத்தையே பிடுங்கிப் பூட்டிவைக்கும் வெளிநாட்டு முதலாளிகளின் கதை தனி. அதற்கு எந்த உறையும் கிடையாது.)

இந்தப் பூட்டும் அரசாங்கங்கள் மனமுவந்து கொடுத்த வரமல்ல என்பதைக் கவனியுங்கள். 2005-ல் அமெரிக்க சர்க்கார் சில்லு பாஸ்போர்ட் திட்டத்தை வெளியிட்டபோது, விவரங்களைப் பூட்டில்லாமல் வைக்கத்தான் உத்தேசித்திருந்தது. அபிப்பிராயம் கேட்டபோது 2,335 பேர் எழுதினார்கள். அவர்களில் 98 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்தார்கள். அதன்பிறகே பூட்டு வந்தது; மூடிய புத்தகத்தை யாரும் படிக்க முடியாதபடி அட்டையில் உலோகமும் வந்தது. கனடா, மெக்ஸிகோ எல்லையைத் தரைவழியில் கடக்க அவர்கள் பின்னர் கொடுத்த பாஸ்போர்ட் கார்டு வேறு ரகம். பல அடி தூரத்திலிருந்தே படிக்கத்தக்கது, பூட்டும் இல்லை. 2009-ல் ஓர் ஆராய்ச்சியாளர் 250 டாலர் சாமான்களைக் காரில் வைத்து சான்பிரான்ஸிஸ்கோ வீதிகளில் 20 நிமிஷம் சுற்றி, அப்படிப்பட்ட இரண்டு கார்டுகளின் எண்ணைப் பிடித்துக் காட்டினார்.

சில சென்டிமீட்டர் தூரத்திலிருந்து ஒவ்வொரு பையாகத் துழாவும் திருடனைப் பற்றி இவ்வளவு பேச்சு. லட்சக்கணக்கில் அள்ளிய திருட்டுகளைப் பற்றி? 2016-ல் நம் நாட்டில் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் பாதுகாப்பு குலைந்தது. எவர் பையிலிருந்தும் அல்ல, பாங்கிகளுக்கு ஏ.டி.எம். சேவை நடத்திய ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் நச்சு நிரல் புகுந்ததால். 2018 ஆகஸ்டில் புனே காஸ்மோஸ் பாங்கியிலிருந்து சுமார் 94 கோடி ரூபாய் உறிஞ்சப்பட்டது. 2021-ல் ஏர் இந்தியா வெளியிட்ட செய்தி: உலகெங்கும் சுமார் 45 லட்சம் பயணிகளின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம் ஆகியவை ஸீட்டா என்ற கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்து களவு போயின. பாஸ்போர்ட் பூட்டின் சாவிக்கு வேண்டிய துண்டுகள் மொத்த வியாபாரமாகவே போய்விட்டன! இதற்கு எந்தக் கடையில் உறை விற்கிறார்கள்?

இப்படி நஷ்டப்பட்டவருக்குச் சட்டம் என்ன தருகிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஏ என்று ஒரு பிரிவு. அஜாக்கிரதையாக விவரங்களைப் பறிகொடுத்த கம்பெனி, பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்றது அது. 2023-ல் டில்லி சர்க்கார் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவையே நீக்க வகை செய்திருக்கிறது. பதிலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று பறைசாற்றுகிறார்கள். அபராதம் போவது எங்கே? சர்க்கார் கஜானாவுக்கு! பறிகொடுத்தவனுக்கு ஒரு தம்படி கிடையாது. அவன் கொடுத்த புகார் பொய்யென்றோ அற்பமென்றோ முடிவானால் அவனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சர்க்காரின் இலாகாக்களுக்கு மட்டும் சட்டத்திலிருந்து விலக்கு அளித்துக்கொள்ளவும் ஷரத்து இருக்கிறது. பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். யாருக்குப் பாதுகாப்பு என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

கையில் மிஞ்சியிருக்கும் ஆயுதத்தையாவது சரியாகப் பிடிக்க வேண்டும். 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கைப்படி, பாங்கியின் குறையால் பணம் போனால் வாடிக்கையாளர் ஒரு காசும் தாங்க வேண்டியதில்லை. இருவர் குறையும் இன்றி மூன்றாமவனால் போனால், பாங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். அப்போதும் முழுப்பணமும் திரும்ப வேண்டும். புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் பணத்தைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் பாங்கியின் தலையில்தான். ஆகவே எஸ்.எம்.எஸ். வந்ததும் கார்டை முடக்குங்கள். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, தேதி முத்திரையுடன் ரசீது வாங்குங்கள். ‘மேனேஜர் லீவு, திங்கட்கிழமை வாருங்கள்’ என்ற பேச்சுக்கு இணங்கினால், அந்த மூன்று நாளும் கரைந்துபோகும்.

சம்பளக் கணக்குகளை மொத்தமாக ஒரே பாங்கியில் திறக்கும் ஆலைகளில், நிர்வாகத்தோடு பேசும்போது நம் சங்கங்கள் இதையும் கோரிக்கையில் சேர்க்கலாம்: தொடு வசதி மூடிய கார்டே தர வேண்டும், மேற்படி சுற்றறிக்கையின் விதிகளைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும். பாங்கி ஊழியர் சங்கத் தோழர்கள் மனம் வைத்தால், கிளையின் சுவரில் கடன் விளம்பரத்துக்குப் பக்கத்தில் அந்தத் தாளை ஒட்டுவதற்கு ஒரு நாள்கூட ஆகாது.