கல் வேறு, பொன் வேறு

கைபர் போர் நடந்த ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில், ஃபளாலா இப்னு உபைத் (ரலி) என்னும் நபித்தோழர் கழுத்து மாலையொன்றைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார். பொன்னும் மணிகளும் சேர்த்துச் செய்யப்பட்ட மாலை அது. பின்னர் அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, பொன் மட்டுமே பன்னிரண்டு தீனாருக்கு மேல் இருக்கக் கண்டார். செய்தி அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் சென்றது. பிரித்தறியாமல் அதனை விற்கலாகாது என்று அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள ஹதீஸ் இது.

இது கொடுக்கல் வாங்கலில் வட்டி கலவாமல் காக்கும் சட்டம். ஆயினும், கல் பதித்த நகை வைத்திருப்போர் ஜகாத் கணக்கிடும்போதும் இம்முறையையே கைக்கொள்ள வேண்டும் என்பேன்.

ரமளான் நெருங்கினால், "கல் நகைக்கு ஜகாத் இல்லையாமே, ஹஜ்ரத்?" என்று கேட்டு வருவோர் உண்டு. ஆம், வைரத்துக்கும் மாணிக்கத்துக்கும் மரகதத்துக்கும், அவை அணிவதற்காக இருக்கும்வரை, ஜகாத் இல்லை. (இலங்கைப் பேருவளையில் இரத்தினக்கல் விற்கும் நம் சகோதரர்களுக்கு அவை வணிகச் சரக்கு, அவற்றின் மதிப்புக்கு அவர்கள் ஜகாத் கொடுக்கத்தான் வேண்டும்.) ஆனால், கல்லைத் தாங்கி நிற்கும் பொன் என்னவாயிற்று? கல்லைக் காட்டிப் பொன்னை மறைக்கலாமா?

நாற்பது கிராம் நெக்லஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து காரட் கல் ஒரு கிராம். முப்பது காரட் கற்கள் இருப்பின் ஆறு கிராம் கழியும். எஞ்சிய முப்பத்து நான்கு கிராம் பொன்னே. வைர நகை பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில் செய்யப்படுவதால் அது தங்கமே அன்று எனச் சிலர் வாதிடுகின்றனர். ஹனஃபி மத்ஹபில், கலப்பை விடப் பொன் மிகுந்திருந்தால் முழுவதும் பொன்னாகவே கொள்ளப்படும். அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு என்பதே அம்மத்ஹபின் தீர்ப்பு. நிஸாப் இருபது மித்கால், ஏறத்தாழ 87.5 கிராம், அதாவது பதினொரு பவுனுக்குச் சற்றுக் குறைவு. அதற்குக் குறைந்தாலும், ரொக்கமோ வெள்ளியோ கையிலிருந்தால் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வாழும் ஷாஃபிஈ சகோதரிகளுக்கு, அளவோடு அணியும் நகையில் ஜகாத் இல்லை. ஆனால் சேமிப்பாகக் கருதி வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்ததை அணியும் நகை என்று சொல்லிவிட இயலாது.

ஆண்டு நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கையில் பொன்னை விற்று வைரமாக மாற்றிக்கொள்வோரும் இருக்கின்றனர். வைரத்துக்கு ஜகாத் இல்லைதான். எனினும் நிய்யத்தை அறிந்தவனிடம் அந்த ரசீதைக் காட்டவா போகிறார்கள்?

சகோதரிகளே, மஹராகவும் சீராகவும் வந்த நகை உங்களுடையது. அதன் ஜகாத்தும் உங்கள் கடமையே. உங்கள் சம்மதத்துடன் கணவர் கொடுத்தால் நிறைவேறிவிடும். ஆனால் தாய், மகள், மருமகள் நகைகளை ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள்; ஒவ்வொருவர் நிஸாபும் தனித்தனி. கடை ரசீதில் மொத்த எடையும் நிகர எடையும் இருக்கும். பாட்டி காலத்துக் கெம்பு நகையாயின் உள்ளே அரக்கும் இருக்கலாம். பத்தரிடம் காட்டிக் கேளுங்கள். அவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லையெனில், பொன்னைச் சற்றுக் கூட்டியே கணக்கில் வையுங்கள்.